மலையில் கால் பின்னியது பக்கவாதமா?

கேள்வி: எனக்கு வயது 47, ஊர் கோவை. ஐந்து வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். வருடா வருடம் வெள்ளியங்கிரி ஏறுகிறவன். போன மாதம் நண்பர்களோடு மலேசியா போனபோது சபாவில் கினபாலு மலை ஏறினோம். 3,272 மீட்டரில் இருக்கும் லாபான் ராத்தா விடுதி வரை சிரமமே இல்லை. மாலையில் தலைவலி, இரண்டு முறை வாந்தி. ஆக்சிமீட்டரில் 84. டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை ஒன்று போட்டேன். தூக்கம் வர வேண்டும் என்று மனைவிக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் ஒன்றும் போட்டுப் படுத்தேன். மூச்சு நின்று நின்று விழிப்பு வந்தது. முகம் உப்பியிருந்தது. இரவு இரண்டரை மணிக்குச் சிகரத்துக்குக் கிளம்பியதும் இரண்டு காலும் பின்னின. குடித்தவன் மாதிரி நடக்கிறேன் என்று நண்பர்கள் சிரித்தார்கள். வழிகாட்டி என் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, திரும்பு என்று சொல்லிவிட்டார். பேச்சு குழறவில்லை, ஒரு பக்கம் மரத்துப்போகவும் இல்லை. அடிவாரம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. மூளை வீங்கினால் நிரந்தரப் பாதிப்பு வரும் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அட்டை கடித்ததற்கு அசித்ரோமைசின் மூன்று நாள் சாப்பிட்டேன். அடுத்த வருடம் மறுபடி போக ஆசை. என் அப்பா 58 வயதில் பக்கவாதத்தில் விழுந்தவர்.

பதில்: அப்பாவைப் பற்றிக் கடைசியில் ஒற்றை வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான் என்று புரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது பக்கவாதம் போலத் தெரியவில்லை. பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் பிடிக்கும். வாய் கோணும், ஒரு கை தொங்கும், பேச்சு குழறும். மாலையில் தலைவலியாகத் தொடங்கி, வாந்தியாகி, நள்ளிரவில் இரண்டு காலும் பின்னி, கீழே இறங்க இறங்கத் தெளிவது உயரத்தின் வேலை. ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சிறுமூளைக்கு ரத்தம் போவது கொஞ்ச நேரம் தடைபட்டாலும் தள்ளாட்டமும் வாந்தியும் வரும், பிறகு தானே சரியாகவும் செய்யும். உங்களுக்கு பிரஷர் இருக்கிறது, அப்பாவுக்கும் அப்படி நடந்திருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு நான் கதவைச் சாத்தக் கூடாது. இந்த வாரமே ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போய், நடந்ததை எனக்கு எழுதிய இதே வரிசையில் சொல்லுங்கள். அவர் உங்களை நடக்கவைத்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் ஸ்கேன் எழுதுவார். நீங்களாக ஸ்கேன் சென்டருக்குப் போய் நிற்க வேண்டாம்.

நிரந்தரப் பாதிப்பு என்று இணையத்தில் படித்தது, பல மணி நேரம் நினைவு தப்பிக் கிடந்து மீட்கப்பட்டவர்களைப் பற்றியது. தள்ளாட்டம் தொடங்கிய உடனே இறங்கி, அடிவாரம் வந்ததும் நேராக நடந்தவருக்கு அதில் ஒரு வரிகூடப் பொருந்தாது. அந்தப் பக்கங்களை இனித் திறக்காதீர்கள்.

மற்றவற்றுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆக்சிமீட்டரில் 84 என்பது அந்த உயரத்தில் முதல் நாள் ராத்திரி, அதுவும் குளிரில் விறைத்த விரலில், பலருக்கும் வரக்கூடிய எண். 94க்குக் கீழே போனால் ஆபத்து என்று கொரோனா காலத்தில் மனப்பாடம் செய்தோமே, அது சமவெளிக் கணக்கு. தூக்கத்தில் மூச்சு கொஞ்சம் நின்று, பிறகு வேகமாக வாங்கி, மறுபடி அடங்குவது உயரத்தில் பலருக்கும் நடக்கும். அது இதய நோய் அல்ல. முகம் உப்பியதும் அப்படித்தான், இறங்கினால் வடிந்துவிடும். அட்டைக் கடிக்கு சோப்புத் தண்ணீர் போதும். அசித்ரோமைசினை எதற்குச் சாப்பிட்டீர்கள்? ஆன்டிபயாடிக்கை மிட்டாய் மாதிரி வாங்கிச் சாப்பிடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இனி, நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயம்.

அந்த மலையில் நீங்கள் பட்ட அத்தனை தொந்தரவிலும் ஆளைக் கொல்லக் கூடியது ஒன்றுதான்: கால் பின்னியது. அதைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர்கள் சிரித்தார்கள். தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை எல்லாம் சாதாரண மலை நோய். அங்கேயே ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். அதோடு நடை தள்ளாடத் தொடங்கினால், மூளையில் நீர் கோக்க ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து குழப்பம், பிதற்றல், மயக்கம். அசட்டையாக விட்டால் ஒரு நாளுக்குள் உயிர் போய்விடும். நீங்கள் இருந்த உயரத்தில், அவ்வளவு சீக்கிரத்தில் இது வருவது அபூர்வம்தான். ஆனால் அபூர்வம் என்று நம்பி மேலே ஏறிப் பார்க்கக் கூடாத விஷயம் இது.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். விடுதித் தரையில் டைல்ஸ் கோடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து, கையை எதிலும் ஊன்றாமல், பத்து அடி நேராகப் போக வேண்டும். முதலில் தலைவலி இல்லாத ஒருவர் நடக்கட்டும், அடுத்து நீங்கள். அவர் நடந்த கோட்டில் உங்களால் நடக்க முடியவில்லையா? பக்கவாட்டில் சாய்கிறீர்களா? அப்படியானால் அந்த நிமிடமே இறங்க வேண்டும். விடியட்டும், மழை நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தனியாகவும் இறங்கக் கூடாது, வழிகாட்டியும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் வர வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினாலும் இதே விதிதான்.

உங்களுக்கு அன்று நடந்ததில் எவ்வளவு மலையால், எவ்வளவு அல்பிரசோலத்தால் என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. என் கோபம் அதில்தான். இரவு படுக்கும்போது போட்ட மாத்திரை இரண்டரை மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். அந்த மாத்திரையே நடையைத் தள்ளாடவைக்கும். அதைவிட மோசம், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மூச்சு தானே வேகமாகி உங்களைக் காப்பாற்ற முயலும்போது அதை மட்டுப்படுத்தும். பக்கத்தில் படுத்தவர்களுக்கு நீங்கள் தூங்குகிறீர்களா, மயங்கிக் கிடக்கிறீர்களா என்றுகூடத் தெரிந்திருக்காது. மனைவிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கணவர் சாப்பிடுவது கோவையிலேயே தவறு, 3,272 மீட்டரில் அது விபரீதம். டைக்ளோஃபெனாக்கும் வேண்டாம். பிரஷர்காரருக்கு அது ஆகாது, வெறும் வயிற்றில் வாந்தியைக் கூட்டும். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும்.

வெள்ளியங்கிரி ஏறுகிறவனுக்கு ஏன் இப்படி ஆனது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நல்ல உடம்பு உங்களுக்கு. ஆனால் வெள்ளியங்கிரியின் ஏழாவது மலைகூட 2,000 மீட்டரைத் தொடாது. மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அதைவிட 600 மீட்டருக்கும் மேலே நீங்கள் படுத்துத் தூங்கியிருக்கிறீர்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 4,095 மீட்டர் உச்சியில் சுமார் 60 சதவீதம். கால் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் வரும். வேகமாக ஏறுவதால் அவருக்குச் சில சமயம் முதலிலேயே வரும்.

லடாக்கில் உள்ள லே போகிறவர்களிடம், விமானத்தை விட்டு இறங்கியதும் இரண்டு நாள் படுத்து ஓய்வெடு என்று எல்லோரும் சொல்லி அனுப்புகிறார்கள். லேயின் உயரம் சுமார் 3,500 மீட்டர், உங்கள் விடுதியை விட இருநூறு சொச்சம் மீட்டர்தான் அதிகம். கினபாலுவுக்குப் போகிறவரிடம் அப்படி யாரும் சொல்வதில்லை. அது பூமத்திய ரேகையை ஒட்டிய மலை. கடற்கரையில் புழுக்கம், வழியெல்லாம் பச்சைக் காடு, குடுவைச் செடி, மழை. பனி கண்ணில் படாததால் பயமும் வருவதில்லை. கடல் மட்டத்தில் இருக்கும் கோத்தா கினபாலுவில் ராத்திரி தூங்கி, காலையில் வண்டி பிடித்து, 1,866 மீட்டரில் திம்போஹோன் வாயிலில் நடக்கத் தொடங்கி, ஆறு கிலோமீட்டர் ஏறி, அதே மாலை 3,272 மீட்டரில் படுப்பது. 3,000 மீட்டருக்கு மேல் போனால் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பதுதான் நாங்கள் சொல்லும் விதி. ஒரே நாளில் கடற்கரையிலிருந்து அங்கே போவதை உடம்பு ஏற்க மறுத்தால் அதில் உங்கள் பலவீனம் எதுவும் இல்லை.

அடுத்த வருடம் போகலாமா என்றால், நரம்பியல் மருத்துவர் சரி என்று சொல்லி, பிரஷர் கட்டுக்குள் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு முறை வந்தவருக்கு, அதே வேகத்தில் ஏறினால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அதனால் பயணத்தை மாற்றுங்கள். ஏறுவதற்கு முன் மலையடியில் உள்ள குண்டசாங் ஊரிலோ பூங்கா வாசலிலோ ஒன்றிரண்டு ராத்திரி தங்குங்கள், கடற்கரையிலிருந்து நேரே வர வேண்டாம். இடம் கிடைத்தால் மேலேயும் இரண்டு ராத்திரி தங்கி, இரண்டாவது ராத்திரி முடிந்து உச்சிக்குக் கிளம்புங்கள்.

அசெட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று கேட்பார்களே, அது உங்களுக்கு உதவும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். ஆனால் இதைப் படித்துவிட்டு நேரே மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதில் நீர் பிரிக்கும் மருந்து கலந்திருந்தால் இரண்டும் சேர்ந்து உப்புச் சத்தைக் கலைக்கும். சிறுநீரகக் கோளாறு, சல்ஃபா அலர்ஜி இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். விரல் நுனி ஜிவ்வென்று இருப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் இந்த மாத்திரையின் இயல்பு, அதை மலையில் முதல் முறையாக உணர்ந்து பதற வேண்டாம். ஊரிலேயே இரண்டு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன் போட்டுக்கொண்டு ஏறினால் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தள்ளாட்டம் வந்தபின், இறங்கும்போது கூடவே கொடுக்கும் அவசர மருந்து. கைக்குட்டையில் கற்பூரம் கட்டி முகர்ந்தால் மூக்கு குளிரும், ஆக்சிஜன் கூடாது.

போகும் முன் உங்கள் கூட்டத்தில் ஒரு பேச்சு முடிவாகட்டும். இரண்டு மணிக்கு எழுந்ததும் ஒவ்வொருவரும் அந்தக் கோட்டில் நடந்து காட்ட வேண்டும். தவறியவர் இறங்க வேண்டும், கூட ஒருவர் இறங்க வேண்டும், அது யார் என்று அடிவாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். மேலே அந்தக் கருங்கல் பாறையில் வெள்ளைக் கயிற்றைப் பிடித்து இருட்டில் ஏறும்போது, தள்ளாடுகிறவருக்கு மூளை வீக்கம் முற்றும்வரைகூட அவகாசம் கிடைக்காது. கால் சறுக்கினாலே போதும். உங்களைத் திருப்பி அனுப்பிய வழிகாட்டி அதைத்தான் பார்த்திருக்கிறார். நீங்கள் தோற்றுத் திரும்பியதாக நண்பர்கள் பேசினால், இந்தப் பதிலை அவர்களைப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் போய்வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சபா காடுகளில் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் ஒருவகை மலேரியா உண்டு, அது வேகமாக முற்றும். இந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போய், சபா காட்டுக்குப் போய்வந்தேன் என்று முதலில் சொல்லி, மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். காய்ச்சல் இல்லையென்றால் மலேரியாவுக்கென்று எந்தப் பரிசோதனையும் வேண்டாம், எந்த மாத்திரையும் வேண்டாம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பிரஷர் மாத்திரை அட்டையையும், அந்த அல்பிரசோலம் அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.