புது பெயிண்ட்டா, புது கர்ட்டனா? முதலில் அந்த நாற்காலியைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஹால் 12க்கு 10 அடி. மூன்று பேர் உட்காரும் சோபா, டீப்பாய், டிவி ஸ்டாண்ட், ஆளுயர அலமாரி ஒன்று, ஓரத்தில் ஒரு நாற்காலி. எல்லாம் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. ஆனாலும் அறை அடைசலாக, மங்கலாகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒழுங்குபடுத்தினால் புதன்கிழமை பழையபடி ஆகிவிடுகிறது. பெயிண்ட் அடித்தால் சரியாகும் என்கிறார் கணவர். கர்ட்டனை மாற்றினாலே போதும் என்கிறேன் நான். இடித்துக் கட்டவோ பெரிதாகச் செலவழிக்கவோ முடியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் இருவரும் சொல்வதில் தப்பில்லை. ஆனால் இரண்டுமே கடைசியில் வர வேண்டிய வேலைகள். உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது ‘புதன்கிழமை பழையபடி’ என்ற வரிதான். மூன்றே நாளில் கலைந்துபோகிற அறைக்கு எந்த நிறம் அடித்தாலும் நான்காம் நாள் அந்த நிறம் யார் கண்ணிலும் படாது.

அதனால் இந்த ஞாயிறு ஒழுங்குபடுத்தாதீர்கள். ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு, எது எங்கே குவிகிறது என்று மட்டும் கவனியுங்கள். சாவி டிவி ஸ்டாண்டின் மேல், பில்லும் சார்ஜரும் டீப்பாயில், கைப்பை சோபா மூலையில், துணி நாற்காலியின் முதுகில் என்று ஒரு கணக்கு கிடைக்கும். வாரக் கடைசியில் வாசலில் நின்று போனில் ஒரு போட்டோ எடுங்கள். தினமும் பார்த்துப் பழகிய கண் பாதியைத் தவறவிடும்; போட்டோவில் எல்லாம் மாட்டிக்கொள்ளும்.

ஒரு பொருள் எங்கே போய்க் குவிகிறதோ, அங்கேதான் அது தனக்கு இடம் கேட்கிறது. உள்ளே நுழைந்ததும் உங்கள் கை சாவியை டிவி ஸ்டாண்டில் வைக்கிறது என்றால், படுக்கையறையில் எவ்வளவு அழகான கொக்கி மாட்டினாலும் சாவி அங்கே போய்ச் சேராது. வாசலிலிருந்து இரண்டு எட்டுக்குள் ஒரு கொக்கியும் சின்னத் தட்டும் வையுங்கள். சார்ஜர் டீப்பாயில் கிடக்கிறதென்றால் சோபாவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை தொங்கட்டும். பழக்கத்தை இடத்துக்கு ஏற்ப மாற்றப் பார்த்துத்தான் எல்லோரும் தோற்கிறோம். இடத்தைப் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றுவது சுலபம்.

இது நூறு வருடப் பழைய யோசனைதான். 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். எந்த வேலைக்கு எத்தனை எட்டு நடக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு சாமானையும் அது பயன்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை பொருத்தப்பட்டது. உங்கள் ஹால் அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. இடம் போதவில்லை என்று இனி யோசிக்க வேண்டாம்.

இப்போது அந்த நாற்காலிக்கு வருவோம். நான் வேலைக்குப் போகும் வீடுகளில் பெரும்பாலும் இப்படி ஒரு நாற்காலி இருக்கும்; யாரும் அதில் உட்கார்ந்ததே இருக்காது. ஒருமுறை உடுத்திய துணியைத் துவைக்கப் போடவும் மனம் வராது, துவைத்த துணியோடு பீரோவில் சேர்க்கவும் முடியாது. அந்த இரண்டுங்கெட்டான் துணிக்கு வீட்டில் இடமே ஒதுக்கப்படாததால் நாற்காலி மாட்டிக்கொள்கிறது. படுக்கையறைக் கதவின் பின்பக்கம் ஆளுக்கு மூன்று கொக்கி வையுங்கள். மூன்றும் நிறைந்துவிட்டால் ஒன்று துவைக்கப் போக வேண்டும் என்பதே விதி. அதன்பின் நாற்காலியை ஹாலிலிருந்தே எடுத்துவிடுங்கள். இருந்தால் மறுபடியும் துணி ஏறும்.

சாமானைக் குறைக்கும் வேலையை வீடு முழுக்க ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். நடு ஹாலில் மலையாகக் கொட்டிவிட்டு இரவு பத்து மணிக்கு அழுதவர்களை எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு டிராயர், இருபது நிமிடம் போதும். வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாத பொருள்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதிப் பரணில் ஏற்றுங்கள். மூன்று மாதத்தில் தேடி எடுக்காதவற்றைக் கொடுத்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ஒழுங்குபடுத்தப் போகிறேன்’ என்று முடிவெடுத்ததுமே கடைக்குப் போய் டப்பாவும் கூடையும் வாங்கிவராதீர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே மாதிரி ஆறு மூடிபோட்ட பெட்டிகள் வாங்கி என் அலமாரியில் அடுக்கினேன். பார்க்க அம்சமாக இருந்தது. ஆனால் எதை எடுப்பதென்றாலும் மேல் பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்து, திரும்ப மூடி ஏற்ற வேண்டும். ஒரே வாரத்தில் எல்லாப் பொருளும் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தன. தினமும் எடுக்கிற பொருளுக்கு மூடியே கூடாது. திறந்த கூடை போதும். வருடத்துக்கு ஒருமுறை எடுப்பதற்குத்தான் மூடிபோட்ட பெட்டி. முதலில் குறையுங்கள், பிறகு அளவெடுங்கள், அதற்கப்புறம் வாங்குங்கள்.

அலமாரிக்குள் முழங்கால் உயரத்திலிருந்து கண் உயரம் வரையுள்ள தட்டுகளே தினப்படிச் சாமானுக்கு உரியவை. கனமானவை அடியில், எப்போதாவது தேவைப்படுபவை உச்சியில். தட்டின் ஆழம் ஒன்றே கால் அடியைத் தாண்டினால் பின்வரிசையில் இருப்பது மறந்தே போகும். அங்கே நீளமான கூடையை வைத்து டிராயர் மாதிரி இழுத்துப் பயன்படுத்துங்கள். துணிகளை டிராயரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் ஃபைல் மாதிரி நிற்க வைத்தால், ஒன்றை உருவும்போது மற்றவை சரியாது.

அடுத்தது இடமாற்றம். இதற்குச் செலவே இல்லை. கை கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். உங்கள் ஆளுயர அலமாரி வாசலில் நின்றால் நேரே தெரிகிறதா? தெரிந்தால், அடைசலுக்குப் பாதிக் காரணம் அதுதான். உள்ளே வருபவரின் பார்வை எவ்வளவு தூரம் தடையில்லாமல் போகிறதோ, அவ்வளவு பெரிதாக அறை தோன்றும். வாசல் இருக்கும் அதே சுவரோரமாக அலமாரியைத் தள்ளிவிட்டால், நுழைபவர் கண்ணில் அது கடைசியாகத்தான் படும். வெளிச்சுவர் என்றால் இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எங்கே வைத்தாலும் மேற்பகுதியை எல் வடிவக் கிளாம்ப் போட்டுச் சுவரோடு இறுக்கிவிடுங்கள். குழந்தைகள் வந்துபோகிற வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

நடைபாதைக்கு இரண்டரை அடியாவது விடுங்கள். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 16 முதல் 18 அங்குலம் இருந்தால் முழங்காலும் இடிக்காது, கையும் எட்டும். தரைவிரிப்பு இருந்தால் அதை டீப்பாய்க்கு அடியில் மட்டும் தீவு மாதிரி விடாமல், சோபாவின் முன்கால்கள் அதன்மேல் ஏறும்படி இழுத்துப் போடுங்கள்.

மங்கல் என்று சொன்னீர்களே, அதற்குப் பெயிண்ட்டைவிட வெளிச்சம்தான் முதல் மருந்து. ஜன்னல் கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்துப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும். பிறகு இரவு வெளிச்சம். சுவர் உச்சியில் ஒற்றை டியூப்லைட் எரிந்தால் மூலைகள் இருண்டு, முகங்களில் நிழல் விழும். அதே வெளிச்சத்தை மூன்று இடங்களுக்குப் பிரித்துக்கொடுங்கள்: மேலே ஒன்று, சோபா பக்கத்தில் நிற்கும் விளக்கு ஒன்று, டிவிக்குப் பின்னால் சின்னதாக ஒன்று. பல்ப் அட்டையில் கெல்வின் எண் இருக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்த இதமான ஒளி. 6500 நீலம் கலந்த வெள்ளை. ஓய்வெடுக்கும் அறைக்கு முதல் வகை, நுணுக்கமான வேலை நடக்கும் மேஜைக்கு 4000 பக்கம். ஒரே ஹாலில் மஞ்சளும் நீலவெள்ளையும் ஒன்றாக எரியவிடாதீர்கள். எவ்வளவு செலவழித்த அறையும் அதில் சோகையாகத் தெரியும். அட்டையில் சிஆர்ஐ எண், அதாவது பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண், 80க்குக் குறையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்தால் துணிகளின் நிறம் செத்துப்போகும்.

கண்ணாடி மாட்டினால் அறை பெரிதாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். எதிரே இருப்பதை அது இரட்டிப்பாக்கிக் காட்டும், அவ்வளவுதான். ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். நிரம்பி வழியும் ஷெல்ஃபுக்கு எதிரே மாட்டினால் குப்பை இரட்டிப்பாகும்.

இப்போது உங்கள் கர்ட்டன். புதிது வாங்குவதற்கு முன் கம்பியை மாற்றிப் பொருத்திப் பாருங்கள். ஜன்னல் சட்டத்துக்கு மேலே நான்கிலிருந்து ஆறு அங்குலம் உயர்த்தி, இரண்டு பக்கமும் எட்டு அங்குலம் நீட்டிப் பொருத்துங்கள். திறக்கும்போது துணி முழுக்கச் சுவரின் மேல் ஒதுங்கும், கண்ணாடி முழுசாக வெளிச்சத்துக்குக் கிடைக்கும், கூரையும் உயரமாகத் தோன்றும். துணி வாங்குவதாக இருந்தால் கம்பி நீளத்தைப்போல் இரண்டு மடங்கு அகலம் வேண்டும், கீழ்விளிம்பு தரையை அரை அங்குலத்தில் தொடாமல் நிற்க வேண்டும். ஜன்னலோடு பாதியில் நிற்கும் கர்ட்டன் குட்டைச் சட்டை போட்டதுபோல் இருக்கும்.

படங்களைப் பொதுவாக எல்லோருமே உயரமாக மாட்டிவிடுகிறோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் வந்தால் நிற்பவரின் பார்வைக்குச் சரியாக இருக்கும். சோபாவுக்கு மேலே என்றால் அதன் முதுகிலிருந்து எட்டு அங்குலம் போதும். ஆணி அடிப்பதற்கு முன் செய்தித்தாளை அதே அளவுக்கு வெட்டி ஒட்டி, இரண்டு நாள் பாருங்கள்.

கடைசியாகப் பெயிண்ட். இவ்வளவும் முடிந்தபிறகும் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக அடிக்கலாம். ஆனால் கடையில் அட்டையைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா வாங்கி, இரண்டு அடி அகலமுள்ள வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். அதை ஜன்னல் பக்கம், அலமாரிப் பக்கம், சோபாவுக்குப் பின்னால் என்று மாற்றி மாற்றிச் சாய்த்து வையுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, புது பல்ப் எரியும்போது ஒருமுறை இருவரும் சேர்ந்து பாருங்கள். காலையில் சாம்பலாகத் தெரிந்தது இரவில் பச்சையடிக்கலாம். சுவரில் மேடுபள்ளம் இருந்தால் பளபளப்பில்லாத மேட் வகையே வாங்குங்கள். பளபளக்கும் பெயிண்ட் ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும்.