34 வயதில் எம்பிபிஎஸ்: பயாலஜி படிக்காதவருக்கு

கோத்தகிரி அக்கா, பயாலஜி படிக்காம 34 வயசில் எம்பிபிஎஸ் சேர முடியுமான்னு கேட்டிருந்தீங்க. வயசை விடுங்க. நீட்டுக்கு உச்ச வயது வரம்பை 2022-லேயே எடுத்தாச்சு. உங்க சிக்கல் பிளஸ் டூவில் எடுத்த கம்ப்யூட்டர் குரூப்தான். பின்னாடி பயாலஜியைக் கூடுதல் பாடமா எழுதினாலும் செல்லும்னு தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் சொல்லிடுச்சு. என்ஐஓஎஸ்ஸில், அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளியில், அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் சேரலாம். செய்முறைத் தேர்வும் உண்டு, அதை அலட்சியமா விட்டுடாதீங்க.

பழைய பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியோட சேர்த்து 50% வேணும். பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டின்னா 40%. அந்த மார்க் ஷீட்டை இன்னைக்கே தேடி எடுங்க.

நீட்டில் 180 கேள்வி, பாதி பயாலஜி. தப்பு விடைக்கு 1 மார்க் போகும். தமிழில் எழுதணும்னா விண்ணப்பத்திலேயே தமிழைத் தேர்ந்தெடுங்க.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில் 150 சீட் இருக்கு. ஆனா நீலகிரிக்காரங்களுக்குன்னு தனி ஒதுக்கீடு கிடையாது.