காரைக்குடியில் இத்தனை ஷோரூம்கள் இருந்தும் அரசு ஜீப்புகளை ஏன் இங்கேயே வாங்குவதில்லை?

ஓர் அலுவலகம் தனக்கு வேண்டிய பொருளைத் தன் ஊர் விற்பனையாளரிடமே விலைப்புள்ளி பெற்று வாங்குவது உள்ளூர்க் கொள்முதல் எனப்படும். காகிதம், துடைப்பம் போன்ற சிறு செலவுகளுக்கு அது பொருந்தும். பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள வாகனத்துக்கு, முதலில் அரசின் நிதி ஒப்புதல் வேண்டும். பிறகு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி பலரும் போட்டியிட வாய்ப்புத் தர வேண்டும், அல்லது 2016இல் தொடங்கிய ஜெம் என்னும் அரசு மின்சந்தை போன்ற பொது வழியில் வாங்க வேண்டும்.

காரணம் பேரம்பேசும் வலிமைதான். பல குடும்பங்களுக்குப் பொதுவான வளவு வீட்டில் நடக்கும் கல்யாணத்துக்கு ஒவ்வொரு புள்ளியும், அதாவது ஒவ்வொரு குடும்பமும், தனித்தனியே கடையில் அரிசி வாங்காமல், எல்லாருக்குமாகப் புதுவயல் ஆலையில் மூட்டைக் கணக்கில் எடுத்தால் விலையும் குறையும், தரமும் ஒன்றாக இருக்கும். துறைகள் பல ஊர்களின் தேவையைச் சேர்த்து வாங்குவதும் அப்படித்தான். அதோடு, அதிகாரிக்கும் விற்பவருக்கும் உள்ள பழக்கம் விலையைத் தீர்மானிக்காமல் இருப்பது மிக முக்கியம். செலவாவது மக்களின் வரிப்பணம்.

இதனால் உள்ளூருக்கு வேலையே இல்லை என்று ஆகாது. எண்பலகையில் ‘ஜி’ எழுத்தோடு வந்து நிற்கும் அந்த ஜீப்புக்கு எண்ணெய் மாற்றவும் பிரேக் பார்க்கவும் அருகிலுள்ள பணிமனைதான் வேண்டும். ஆகவே கொள்முதலின்போதே, பழுதுபார்க்கும் வசதி பக்கத்தில் உண்டா என்று பார்ப்பது அவசியம் என்பேன்.

ஒப்பந்தப்புள்ளி என்றாலே மலிவான வண்டியைத்தான் வாங்குவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கேட்ட தகுதிகள் அனைத்தும் பொருந்திய வண்டிகளுக்குள்தான் குறைந்த விலை ஒப்பிடப்படுகிறது.