எட்டாம் நம்பர் ஊசி வாங்கினேன், தொப்பி சிறுத்துவிட்டது

கேள்வி: ரொறொன்ரோவில் இருக்கும் அக்காவுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. கம்பளித் தொப்பி பின்னித் தருவதாகச் சொல்லிவிட்டேன். பின்னல் எனக்குப் புதிது. அக்கா அனுப்பிய அமெரிக்கச் செய்முறையில் 8ஆம் நம்பர் ஊசி என்றிருந்தது. யாழ் நகரில் ஒரு கடையில் அதே நம்பரைக் கேட்டு வாங்கினேன். 70 கண்ணிக்குச் சுற்றளவு 39 செ.மீ. வரவேண்டுமாம், எனக்கு 32தான் வந்தது. உச்சியைக் குறைக்கும் வரிசையில் நட்சத்திரக் குறி போட்டு, ‘கே5, கே2டொக், ரெப் 9 டைம்ஸ்’ என்று இருக்கிறது. ஒன்பது தடவை செய்தும் 7 கண்ணி மிஞ்சுகிறது. கடைக்காரர் பிழையான ஊசியைத் தந்துவிட்டாரா? திருப்பிக் கொடுக்கலாமா?
– வாசகி, நல்லூர்

பதில்: கடைக்காரரில் பிழை இல்லை. அமெரிக்க 8 என்பது 5 மி.மீ. தடிப்பு, பழைய பிரித்தானிய 8 வெறும் 4 மி.மீ. இங்கே விற்கும் ஊசிகளில் பல இன்னும் பிரித்தானியக் கணக்குத்தான். அமெரிக்கக் கணக்கில் நம்பர் கூடக் கூட ஊசி தடிக்கும், மற்றதில் மெலியும். 7ஆம் நம்பர் மட்டும் இரண்டிலும் நாலரை மி.மீ. அதனால் ‘எனக்குச் சரியாக வந்ததே’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நம்பரை விட்டு மி.மீ. சொல்லிக் கேளுங்கள்.

பின்னிப் பார்த்த ஊசியைத் திருப்பி எடுங்கள் என்று கடையில் சண்டை பிடிக்க நியாயம் இல்லை. கேட்டுப் பார்க்கலாம், மாற்றித் தந்தால் அது அவருடைய நல்ல மனசு. இனி எது வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம்.

அந்த 7 கண்ணிக்கு வருவோம். ‘ரெப் 9 டைம்ஸ்’ என்றால் முதல் தடவை செய்தது கணக்கில் இல்லை. அதற்குப் பிறகு இன்னும் ஒன்பது. ஆக மொத்தம் பத்து. ஐந்து கண்ணி சாதாரணமாகப் பின்னி, அடுத்த இரண்டையும் சேர்த்து ஒன்றாக எடுக்கிறீர்கள். ஒரு தடவைக்கு 7 கண்ணி செலவு, 6 மிச்சம். பத்துத் தடவையில் 70 கண்ணியும் முடிந்து ஊசியில் 60 நிற்கும். வரிசை முடிவில் எண்ணிப் பாருங்கள். 60 இல்லையென்றால் அப்போதே அவிழ்த்துவிடுங்கள், அடுத்த வரிசைக்குப் போகவேண்டாம்.

புது ஊசி வந்ததும் நேரே தொப்பியைத் தொடங்காமல், 10 செ.மீ.யை விடச் சற்றுப் பெரிய ஒரு துண்டு பின்னி நடுவில் அளந்து பாருங்கள். 10 செ.மீ.க்கு 18 கண்ணி வந்தால் உங்கள் 39 தானாக வரும். 22 வந்தால் பழையபடி 32தான்.

நூல் போதாமல் இன்னும் வாங்குவதானால், பந்தைச் சுற்றியிருந்த தாளைக் கையோடு கொண்டுபோங்கள். சாயத் தொகுதி எண் அதில்தான் இருக்கும். எண் மாறினால் அதே நீலம்கூட வேறு நீலமாகத் தெரியும்.