கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்களா?

தீபாவளி நெருங்கினால் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஒரே கேள்வி பல உருவங்களில் வரும்: எம்பிவியா, எஸ்யூவியா? எம்பிவியை மினிவேன் என்று நம்மிடையே யாரும் சொல்வதில்லை. செவன் சீட்டர் என்பார்கள், இல்லாவிட்டால் "இன்னோவா மாதிரி வண்டி". கிராஸ்ஓவரை எல்லா ஷோரூமிலும் எஸ்யூவி என்றே விற்கிறார்கள். கிரெட்டா, செல்டோஸ் எல்லாம் கார் அடித்தளத்தில் கொஞ்சம் உயர்த்திக் கட்டியவைதான். அதில் தப்பொன்றும் இல்லை, தெரிந்து வாங்கினால் சரி.

கேள்வி: எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறோம். நான், கணவர், ஏழு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமனார், மாமியார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நாமக்கல் போவோம். கணவருக்கு கிரெட்டா மேல் கண். நான் எர்டிகா அல்லது கேரன்ஸ் என்கிறேன். 15 லட்சத்துக்குள் எது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. வீட்டில் ஆறு பேர், கிரெட்டாவில் பெல்ட் ஐந்து. பேச்சு அதோடு முடிய வேண்டும். ஆனால் முடியாது. "சின்னதை மடியில் வைத்துக்கொள்ளலாமே" என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். மோதல் நடக்கும் நொடியில் மடியில் இருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது.

உங்கள் கணவர் டிக்கியைக் காட்டி வாதாடுவார். ஏழு சீட்டும் நிமிர்ந்திருந்தால் எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216. கிரெட்டாவிலோ 433. கணக்கு உண்மைதான். ஆனால் நீங்கள் ஏழு பேர் இல்லை, ஆறு பேர். கடைசி வரிசை இரண்டு பாதியாக மடங்கும். முன்னால் இருவர், நடுவில் பெரியவர்களும் குழந்தை இருக்கையில் சின்னவரும், பின்னால் ஏழு வயதுக்காரர் உயரம் கூட்டும் பூஸ்டர் மெத்தை போட்டு ஒரு ஓரத்தில். பக்கத்துப் பாதியை மடக்கினால் போகும்போது இரண்டு பெரிய பெட்டிகள், வரும்போது அரிசி மூட்டையும் தேங்காயும். மற்ற நாட்களில் கடைசி வரிசையை முழுதாக மடக்கிவிட்டால் எர்டிகா டிக்கி 550 லிட்டர் ஆகிவிடும். கணவர் காட்டிய கிரெட்டாவை விட அதிகம்.

எர்டிகாவா கேரன்ஸா என்பதைக் காகிதத்தில் முடிவு செய்யாதீர்கள். ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு மதியம் இரண்டு மணி வெயிலில் டெஸ்ட் டிரைவ் போங்கள். ஏசி கடைசி வரைக்கும் வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கணவரை ஓட்ட விடாதீர்கள். கடைசி வரிசையில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். நான் ஒரு முறை உறவினரின் புத்தம் புதிய ஏழு சீட் எஸ்யூவியில் கிருஷ்ணகிரியிலிருந்து திருச்சி வரை கடைசி வரிசையில் போனேன். தரைக்கும் சீட்டுக்கும் உயரமே இல்லை. முழங்கால் இரண்டும் தாடைக்குப் பக்கத்தில். வண்டி பார்க்க ராஜா மாதிரி இருந்தது, இறங்கிய என்னைப் பார்க்கத்தான் யாருக்கும் சகிக்கவில்லை. ஷோரூமில் எல்லோரும் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துதான் வண்டி வாங்குகிறோம், குடும்பம் உட்காரப் போவது வேறு இடத்தில்.

அப்புறம் ஒன்று. நாமக்கல் போகும் வழியில் தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம். ஆறு பேரும் மூட்டையுமாக அங்கே வெறும் பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது, கியரைக் குறைத்து இறங்க வேண்டும். முழுச் சுமைக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். கிளம்புவதற்கு முன் டயர் சூடாகாமல் இருக்கும்போது அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அல்சூர்வாசி. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. உயரமான வண்டிதான் நல்லது என்கிறார்கள். ஸ்கார்ப்பியோ-என் பார்க்கிறேன்.

பதில்: உயரம் வேண்டும், ஆனால் அவ்வளவு வேண்டாம். வீட்டில் அம்மா கை ஊன்றாமல் எழுந்துவரும் நாற்காலி எது என்று பாருங்கள். தரையிலிருந்து அதன் உயரத்தை டேப்பில் அளந்துகொண்டு ஷோரூமுக்குப் போங்கள். கார் சீட் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். செடானில் கீழே விழுகிற மாதிரி உட்கார வேண்டும். ஸ்கார்ப்பியோ-என், ஃபார்ச்சூனர் போன்ற லேடர் ஃபிரேம் வண்டிகளில் (லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்தியவை) ஒரு காலை ஊன்றி உடம்பு மொத்தத்தையும் மேலே தூக்க வேண்டும், அவருக்கு அதுதான் கஷ்டம். கிராஸ்ஓவர்களும், தாழ்ந்த தளமுள்ள எர்டிகா, கேரன்ஸ் வகையும் நடுவில் வரும். முதலில் உட்கார்ந்து பிறகு இரண்டு காலையும் உள்ளே திருப்பப் பழக்குங்கள். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, மேலே பிடிக்கக் கைப்பிடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த விஷயத்தில் பழைய மாருதி ஆம்னியை அடிக்க ஆளில்லை. 1984இல் வந்து 2019 வரை விற்ற வண்டி. நெருக்கடியான தெருவில் பக்கவாட்டுக் கதவைச் சறுக்கித் திறந்தால் போதும். பாதுகாப்பு என்று பார்த்தால் இன்று யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கதவு இன்று சொகுசாக வேண்டுமென்றால் கியா கார்னிவல் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

கேள்வி: கல்லூரி படிக்கும் மகன், "எம்பிவி வாங்கினால் டாக்ஸி மாதிரி இருக்கும், நான் ஏற மாட்டேன்" என்கிறான்.

பதில்: ஏறாவிட்டால் ஒரு சீட் காலி, டிக்கி பெரிதாகும். டிராவல்ஸ்காரர்கள் ஏன் இன்னோவாவையும் எர்டிகாவையும் வாங்குகிறார்கள் என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க ஓடினாலும் தாங்கும், செலவு கட்டும், விற்றால் விலை போகும். மஞ்சள் போர்டு மாட்டியவர்தான் வண்டிக்கணக்கை நம் எல்லோரையும் விடக் கறாராகப் போடுகிறவர்.

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் அபார்ட்மெண்ட். பேஸ்மெண்ட் ராம்ப் செங்குத்து, பார்க்கிங் இடமும் குறுகல். எங்கள் ஏரியா ஸ்பீடு பிரேக்கர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எம்பிவி நுழையுமா, தட்டுமா?

பதில்: நுழைவது வேறு, தட்டுவது வேறு.

நுழைவதில் பலரும் நினைப்பது தலைகீழ். கிரெட்டா நீளம் 4330 மி.மீ., எர்டிகா 4395. வித்தியாசம் நாலு விரல்கூட இல்லை. அகலத்தில் எர்டிகா 1735, கிரெட்டா 1790. குறுகலான இடத்தில் எர்டிகாதான் கதவு திறக்க இடம் கொடுக்கும். இன்னோவா ஹைகிராஸ் கதை வேறு. 4755 மி.மீ. நீளம், அகலமும் தாராளம். தூணுக்கும் பக்கத்துப் பார்க்கிங் கோட்டுக்கும் நடுவில் உள்ள இடத்தை அளக்காமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

தட்டுவதில் எம்பிவிக்குச் சங்கடம் உண்டு. ராம்ப் உச்சியிலும் ஸ்பீடு பிரேக்கரிலும் இடிப்பது வண்டியின் வயிறு. கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள உயரம், ஒரே அளவாக இருந்தாலும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி கூடக் கூட வயிறு தட்டும். அந்த இடைவெளி கிரெட்டாவில் 2610 மி.மீ., எர்டிகாவில் 2740, கேரன்ஸில் 2780, ஹைகிராஸில் 2850. விளம்பரத்தில் போடும் கிளியரன்ஸ் பெரும்பாலும் காலி வண்டிக்கு உரியது. ஏழு பேர் ஏறினால் பின்பக்கம் இறங்கிவிடும். ஸ்பீடு பிரேக்கரை முடிந்தால் கொஞ்சம் சாய்வாக ஏறுங்கள். ராம்பில் ஒரு முறை உங்கள் ஆட்களையே ஏற்றிக்கொண்டு டெஸ்ட் டிரைவ் வண்டியை இறக்கிப் பாருங்கள், வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

கேள்வி: மழைக்காலத்தில் அண்டர்பாஸில் தண்ணீர் நின்றால் கிராஸ்ஓவர் உயரம் காப்பாற்றுமா?

பதில்: காப்பாற்றாது. 2023 மே மாதம் கே.ஆர்.சர்க்கிள் அண்டர்பாஸில் கார் மூழ்கி ஒரு இளம்பெண் இறந்ததை மறக்கக் கூடாது. ஆழம் தெரியாத தண்ணீரில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள், திரும்பிப் போங்கள். தண்ணீரில் நின்றுபோன இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் கெட்டால், 'இன்ஜின் புரொடெக்ட்' சேர்க்காத சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது.

கேள்வி: பட்ஜெட் குறைவு, ட்ரைபர் பார்க்கிறோம். ஏழு பேரோடு கொல்லிமலை ஏறுமா?

பதில்: ஏறும். சந்தோஷமாக ஏறாது. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், சுமார் 72 குதிரைத்திறன். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏழு பேரும் ஏசியுமாக முதல் கியரும் இரண்டாம் கியருமாக உறுமிக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஆனால் தினமும் நாலு பேர், எப்போதாவது ஆறு பேர் என்றால் ட்ரைபர் கெட்டிக்கார வண்டி. நான்கு மீட்டருக்குள் அடங்குவதால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், எர்டிகா போன்ற நீளமான வண்டிகளுக்கு 40. கடைசி வரிசை சீட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம், அப்போது டிக்கி 625 லிட்டர். ஏழு சீட்டும் போட்டால் 84 லிட்டர், அதாவது ஆளுக்கு ஒரு சின்னப் பை.

மீதியைக் கூரையில் கேரியர் போட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: பல வண்டிகளின் கூரைக் கம்பிகள் வெறும் அழகுக்கு. எத்தனை கிலோ தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: எம்பிவி பாதுகாப்பு குறைவு, எஸ்யூவிதான் திடம் என்பது உண்மையா?

பதில்: உருவத்தை வைத்துச் சொல்ல முடியாது, மாடலை வைத்துத்தான் சொல்ல முடியும். ஹைகிராஸ் எம்பிவி, பாரத் என்கேப் என்ற மோதல் சோதனையில் 5 நட்சத்திரம். எர்டிகாவும் எம்பிவிதான், ஆப்பிரிக்கச் சந்தைக்கான வண்டியை 2024இல் குளோபல் என்கேப் சோதித்தபோது பெரியவர்கள் பாதுகாப்பில் 1 நட்சத்திரம். அந்த வண்டியில் இருந்தது இரண்டு ஏர்பேக். முதல் கேள்விக்கு எர்டிகா பெயரைச் சொன்ன நானே இதையும் சொல்லியாக வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம், பணமும் அனுமதிக்கிறது என்றால் 5 நட்சத்திரம் வாங்கிய வண்டிக்குப் போங்கள். எதை வாங்கினாலும் கடைசி வரிசையில் தலைச்சாய்வை உயர்த்திப் பாருங்கள், பெல்ட்டை இழுத்து மாட்டிப் பாருங்கள். அங்கே பின் கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று கையை வைத்துப் பார்த்தால் சிறு பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று உங்களுக்கே புரியும்.

கேள்வி: தம்பி வீடு ஓசூரில். அங்கே தமிழ்நாடு நம்பர் வாங்கி பெங்களூரில் ஓட்டினால் வரி மிச்சமாகுமா?

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குக் கர்நாடகத்தில் வாழ்நாள் வரி 17 சதவீதம், அதன் மேல் செஸ். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து அதே விலைக்கு 18. மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வண்டி வழக்கமாக இருக்கும் இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அத்திப்பள்ளி எல்லையில் ஒவ்வொரு முறையும் தம்பி கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: புது கேரன்ஸ் விலைக்கு 2018 இன்னோவா கிரிஸ்டா டீசல் கிடைக்கிறது. தினமும் சில்க் போர்டு வழியாக ஆபீஸ்.

பதில்: நெடுஞ்சாலைக்கு கிரிஸ்டா, சில்க் போர்டுக்கு வேண்டாம். மேனுவல் கிளட்சை அந்த நெரிசலில் தினமும் மிதித்தால் இடது கால் தனியாகச் சம்பளம் கேட்கும். ஆட்டோமேட்டிக் கிடைத்தால் யோசிக்கலாம். ஒரு காலத்தில் மஞ்சள் போர்டாக ஓடி வெள்ளையாக மாறிய வண்டியா என்று ஆர்சியில் பாருங்கள், மீட்டரை நம்பாமல் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி சீட் தண்டவாளத்தில் துருவோ சேறோ இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை.

கேள்வி: நாங்கள் இருவர், ஒரே பெண். ஆனால் ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் எல்லோரையும் நந்தி மலை கூட்டிப்போக வேண்டும். ஏழு சீட் வாங்கலாமா?

பதில்: போன வருடம் எத்தனை நாள் வந்தார்கள் என்று காலண்டரை எடுத்து எண்ணுங்கள். பத்து நாளுக்குக் குறைவு என்றால் ஐந்து சீட் கிராஸ்ஓவர் வாங்கிக்கொண்டு, அந்த நாட்களுக்கு ஓட்டுநரோடு ஒரு இன்னோவா பிடியுங்கள். அதிலும் ஒரு லாபம் உண்டு: மலையில் வண்டி ஓட்டும் கவலை இல்லாமல் நீங்களும் பேச்சில் கலந்துகொள்ளலாம். முப்பது நாளைத் தாண்டுகிறது என்றால் முதல் பதிலுக்குத் திரும்பிப் போங்கள், டேப்பையும் எடுத்துக்கொண்டு.