57 சதவீதம் வந்தும் தோற்ற ஒரு நூலகம்

"அமெரிக்காவில் நூலகம், பூங்கா கட்டக்கூட மக்களிடம் ஓட்டுக் கேட்டுத்தான் நகரம் கடன் வாங்குமாமே, அது நல்ல முறையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல முறை என்றுதான் சொல்வேன். நான் பல வருடங்களாக சியாட்டிலில் இருக்கிறேன். இந்த ஊர் நூலகத்தின் கதையைச் சொன்னாலே போதும்.

நகரம் கடன் பத்திரம் வெளியிடும், முதலீட்டாளர்கள் வாங்குவார்கள். அசலும் வட்டியும் பல வருடங்களுக்குச் சொத்து வரியோடு சேர்ந்து வசூலாகும். வரி கூடுவதால் மக்களின் சம்மதம் வேண்டும். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் பாதிப் பேர் சம்மதித்தால் போதாது, 60 சதவீதம் வேண்டும்.

1994ல் சியாட்டில் நூலகத்துக்காக 155 மில்லியன் டாலர் பத்திரம் ஓட்டெடுப்புக்கு வந்தது. 57 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், ஆனாலும் தோற்றது. 1997ல் தலைமை நூலகராக வந்த டெபோரா ஜேக்கப்ஸ் ஒவ்வொரு பகுதியாகப் போய்க் கூட்டம் போட்டு, உங்கள் கிளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். 1998 நவம்பரில் மறுபடி ஓட்டெடுப்பு நடந்தது. இந்த முறை கேட்டது 196.4 மில்லியன். தொகை கூடியும் ஆதரவு 69 சதவீதத்துக்கு ஏறியது. தன் வீட்டுப் பக்கத்துக் கிளையில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தால் மனிதர்கள் தாராளமாகவே கொடுக்கிறார்கள். அந்த 60 சதவீத விதிதான் நூலகத்தை மக்களிடம் திரும்பிப் போக வைத்தது என்று நினைக்கிறேன்.

அந்தப் பணத்தில் 2004ல் புதிய மைய நூலகம் திறந்தது. 2008க்குள் 26 கிளைகள் புதிதாகவோ புதுப்பிக்கப்பட்டோ வந்துவிட்டன. மைய நூலகத்தில் 6ஆம் மாடி முதல் 9ஆம் மாடி வரை படியே இல்லாமல் ஒரே சரிவாகப் புத்தக அடுக்குகள் சுற்றி ஏறும். தரையில் பதித்த பாய்களில் நூல் வரிசை எண்கள் பெரிதாக இருக்கும். என் மகள் எண்ணக் கற்றுக்கொண்ட வயதில் ஒவ்வொரு பாயாக மிதித்து எண்ணை உரக்கப் படித்துக்கொண்டே மேலே போவாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். அப்போது நான் விசாவில் இருந்தவன், எனக்கு ஓட்டு கிடையாது. நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே முகம் தெரியாத யாரோ 'சரி, என் வரி கூடட்டும்' என்று சொன்னதால் கிடைத்த இடம் அது. இன்று நினைத்தாலும் நெஞ்சு நெகிழும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பத்திரப் பணத்தில் கட்டடம் கட்டலாம், ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. பொருளாதாரம் விழுந்தபோது, 2009 முதல் சில ஆண்டுகள், செலவைக் குறைக்க வருடத்தில் ஒரு வாரம் எல்லா நூலகங்களையும் மூடினார்கள். அத்தனை அழகான கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன. அப்புறம் 2012ல் நூலகத்தை நடத்துவதற்கென்றே ஏழு வருடத்துக்கு ஒரு தனி வரியை ஓட்டுக்கு விட்டார்கள். மக்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்வார்கள், அது சரியல்ல. வீட்டுக்காரருக்கு வரி கூடினால் பெரும்பாலும் அது வாடகையில் வந்து நிற்கும்.

இப்போது எனக்கும் ஓட்டு உண்டு. வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும், ஆதரிப்பவர்கள் வாதமும் எதிர்ப்பவர்கள் வாதமும் அச்சிட்ட கையேடும் வரும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வீட்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு இத்தனை சென்ட் என்று கணக்குப் போட்டு, எங்களுக்கு வருடத்துக்கு எவ்வளவு கூடும் என்று பார்ப்பேன். கட்டி முடித்த பிறகு அதை நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்று அடுத்ததாகத் தேடுவேன். நூலகம் என்று வந்தபோதெல்லாம் இதுவரை 'ஆம்' என்றுதான் குறித்திருக்கிறேன்.