சொந்தமா தொழில் தொடங்க எப்படி தயாராகுறது? சனிக்கிழமைல இருந்து ஆரம்பிங்க

வேலையை விட்டுட்டு சின்னதா ஒரு யூனிட் போடப் போறேன், கையில 5 லட்சம் இருக்கு, என்னென்ன கஷ்டம் வரும், எப்படி தயாராகுறதுன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு நடந்ததை சொல்றேன், உங்களுக்கு ஆவுறதை எடுத்துக்கோங்க.

நான் பேரணாம்பட்டு பக்கம். ஷூ அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகத்தை, கம்பெனிக்கு கூலிக்கு தைச்சு குடுக்குற ஜாப் ஒர்க் யூனிட். ஆரம்பிச்சது 2021 கடைசியில, பாலாத்துல வெள்ளம் போச்சே அந்த நவம்பர். அதுக்கு முன்னாடி ஆம்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில 11 வருஷம், ஹெல்பரா சேந்து லைன் சூப்பர்வைசர் வரைக்கும் வந்தேன். அதனால தொழில் நமக்கு தெரியும்னு ஒரு திமிர் இருந்துது. தொழில் தெரிஞ்சது நெஜம் தான், சனிக்கிழமை தான் தெரியல.

கம்பெனியில இருந்த வரைக்கும் மாசம் பொறந்தா சம்பளம் பேங்க்ல ஏறிடும், அது எங்கிருந்து வருது எப்படி வருதுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. என் யூனிட்ல வாரக்கூலி. சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சரை மணிக்கு ஒம்போது பேர் மெஷின தொடைச்சு வெச்சிட்டு நிப்பாங்க, அதுல ஏழு பேர் பொம்பளைங்க, அந்த காசுல தான் அவங்க வூட்டுக்கு அரிசி பருப்பு, குழுவுக்கு கட்ட வேண்டிய டியூ எல்லாம்.

கணக்கு இது தான், நோட்ல இன்னும் இருக்கு. கையில இருந்தது 5,40,000. போஸ்ட் பெட், ஃபிளாட் பெட், ஸ்கைவிங் எல்லாம் சேத்து எட்டு மெஷின், எல்லாமே செகண்ட் ஹேண்ட், 2,35,000. ஷெட் அட்வான்ஸ் 60,000, வயரிங் டேபிள் ஃபேன் லைட் 65,000, இன்வெர்ட்டர் 30,000, நூல் ஊசி சொல்யூஷன் டேப் 20,000. மீதி 1,30,000. அட, ஒரு லட்சத்துக்கு மேல கையில கீது, போதும்னு நினைச்சேன். ஆளுக்கு தினம் 400, ஒம்போது பேர், ஆறு நாள், 21,600. வாடகை, கரண்ட், டெம்போ, டீ எல்லாம் போட்டா வாரம் 25,000 தாண்டுது. அஞ்சு சனிக்கிழமை வரைக்கும் தான் தாங்கும்.

முதல் பில் காசு வந்தது 11வது வாரம்.

மோசடி எல்லாம் ஒண்ணும் கிடையாது, அந்த சங்கிலி அப்படித் தான். நாம தைச்சு குடுத்த அப்பர் அங்க போயி சோல் ஏறி ஷூவாவணும், இன்ஸ்பெக்ஷன் முடியணும், கன்டெய்னர் கெளம்பணும், வெளிநாட்டுக்காரன் கம்பெனிக்கு காசு போடணும், அப்பால தான் நம்ம பில் அக்கவுண்ட்ஸ் டேபிளுக்கே வரும். 11 வருஷம் உள்ளயே இருந்தும் நான் இதை யாரையும் கேக்கல, ஏன்னா லைன்ல நிக்கிறவனுக்கு ஜோடி கணக்கு மட்டும் தான் கண்ணுக்கு தெரியும்.

ஆறாவது சனிக்கிழமைக்கு வூட்டுக்காரம்மா செயின் பேங்குக்கு போச்சு. கழட்டி குடுக்கும்போது அது ஒண்ணும் சத்தம் போடல, "இன்னாங்க இது, கம்பெனி தொறந்து ஒன்றரை மாசம் ஆவுது, உள்ள ஒரு ரூபா வரல, வெளிய மட்டும் போய்க்கினே கீது"ன்னு கேட்டுச்சு, அவ்ளோ தான். பதில் சொல்ல எனக்கு வாய் வரல. அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வூட்டுல உக்கார வெச்சு, இத்தினி மாசம் ஒண்ணும் வராது, குடும்ப செலவுக்கு இந்த காசு தனியா கீது, இதை நான் தொடமாட்டேன்னு சொல்லிடுங்க, சொன்ன மாதிரி தொடாமலும் இருங்க.

எட்டாவது வாரம் செயின் காசும் கரைஞ்சு போயி, பாதி கூலி தான் குடுக்க முடிஞ்சுது. எங்க யூனிட்லயே வயசுல பெரிய ஒரு அக்கா, எல்லாரும் போன அப்பால வந்து சொன்னது: "தம்பி, லேட்டாவுறது ஒண்ணுமில்ல, எத்தினி கம்பெனி பாத்துட்டேன். ஆனா இல்லன்னா வெள்ளிக்கிழமையே சொல்லிடு, நான் வேற எடத்துல கேட்டு வெப்பேன். சனிக்கிழமை சாயந்திரம் சொன்னா நான் எங்க போவேன்?" அந்த அக்கா இன்னும் என்கிட்ட தான் இருக்காங்க. நானும் இன்னிக்கு வரைக்கும் காசு டைட்டுன்னா வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்துலயே சொல்லிடுறேன், வெக்கமா தான் இருக்கும்.

இன்னொரு அடி ரிஜெக்ஷன். துணின்னா தப்பா தைச்சதை பிரிச்சிட்டு திரும்ப தைக்கலாம், தோல்ல ஊசி ஓட்டை விழுந்தா விழுந்தது தான். சாம்பிள்ல ஓரத்துல இருந்து ஒன்றரை மில்லி தள்ளி தையல், புதுசா சேந்த பொண்ணு ரெண்டு மில்லியில ஓட்டிடுச்சு, நான் பேங்க்ல நின்னுட்டிருந்த நாள் அது. 84 ஜோடி. கூலி போனது மட்டுமில்ல, தோலுக்கும் சேத்து டெபிட் நோட் போட்டு பில்லுல கழிச்சிட்டாங்க. இப்போ காலையில முதல் ஜோடி என் கையில வந்து ஸ்கேல் வெச்சு பாக்காம ரெண்டாவது ஜோடி ஓடாது.

கவர்மெண்ட் விஷயத்துல நான் விட்டது ஒண்ணு இருக்கு, நீங்க விடாதீங்க. ஷெட் போட்டு மெஷின் ஓட ஆரம்பிச்ச அப்பால தான் மாவட்ட தொழில் மையத்துக்கு போயி பி.எம்.இ.ஜி.பி. லோன் கேட்டேன், மத்திய அரசு மானியத்தோட பேங்க் குடுக்குற தொழில் லோன் அது. புது யூனிட்டுக்கு மட்டும் தான், ஏற்கனவே ஓடுறதுக்கு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. கிராமத்துல போடுற யூனிட்டுக்கு பி.சி., எஸ்.சி., பெண்கள், சிறுபான்மை இவங்களுக்கெல்லாம் 35 சதவீதம் மானியம், மத்தவங்களுக்கு 25, டவுன்னா அதுலயும் பத்து பத்து கம்மி. ஒரே ஒரு மாசம் பொறுத்து முதல்ல அப்ளை பண்ணி இருந்தா நானும் கேட்டிருக்கலாம். அந்த மானியமும் கையில வராது, 3 வருஷம் உங்க பேர்ல பேங்க்லயே டெபாசிட்டா கிடக்கும், அதை நம்பி சனிக்கிழமை கணக்கு போடாதீங்க.

உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது சிறு தொழில்னு மத்திய அரசுகிட்ட பதியறது, இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தா போன்லயே முடியும். நான் பிரவுசிங் சென்டர்ல 1,500 குடுத்தேன், வுடுங்க. ஆனா முதல் நாளே எடுத்து பில்லுல அந்த நம்பர் போடுங்க. 2006 எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டப்படி நமக்கு 45 நாளைக்குள்ள காசு வரணும், தாண்டினா வட்டி கேக்கலாம், ஆன்லைன்ல புகாரும் போடலாம். அப்போ வெச்சிருந்தது ஒரே ஒரு பார்ட்டி, அவன் மேலயே புகார் போட்டுட்டு அடுத்த லாட்டுக்கு எங்க போறது, அதனால நான் போட்டதில்ல. ஆனா 2024 ஏப்ரல்ல இருந்து இன்கம் டேக்ஸ்ல ஒரு மாத்தம் வந்துது, சின்ன யூனிட்டுக்கு அந்த கெடு தாண்டி, மார்ச் முடியுறதுக்குள்ளயும் குடுக்கலன்னா கம்பெனி அந்த வருஷம் அதை செலவா காட்ட முடியாது. அதுக்கப்புறம் தான் மார்ச் மாசத்துல அவங்களே போன் பண்ணி உத்யம் காப்பி அனுப்புப்பான்னு கேக்குறாங்க. எனக்கு 75 நாள் இப்போ 50 கிட்ட வந்து நிக்குது.

ஒரே பார்ட்டின்னு சொன்னேனே, அதையும் 2025ல மாத்திட்டேன். ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதும் ஒரு லாட் அப்படியே நின்னு போச்சு, நம்ம கையில இன்னா இருக்கு அதுல. பத்து நாள் மெஷின் சும்மா கிடந்துது. அப்போ தான் ஸ்க்ராப் தோல் வாங்கி பர்ஸ், பெல்ட் தைச்சு வேலூர்லயும் குடியாத்தத்துலயும் கடைகளுக்கு போட ஆரம்பிச்சோம். லாபம் ரொம்ப கம்மி, ஆனா கைக்கு கை காசு, அந்த வார கூலியில மூணுல ஒரு பங்கு இப்போ அதுல இருந்து தான் போவுது.

நீங்க இன்னா தொழில்னு கேள்வியில எழுதவே இல்ல. டிபன் கடை மாதிரி அன்னன்னிக்கு காசு விழுற தொழில்னா நான் சொன்னதுல பாதி உங்களுக்கு பொருந்தாது. ஜாப் ஒர்க், சப்ளை, கான்ட்ராக்ட் இப்படின்னா அந்த 5 லட்சத்துல ரெண்டு லட்சத்துக்கு மேல மெஷின்ல போடாதீங்க. வேலையை விடறதுக்கு முன்னாடி, யார்கிட்ட ஆர்டர் எடுக்கப் போறீங்களோ அவங்களுக்கு ஏற்கனவே செஞ்சு குடுக்குற ரெண்டு பேரை தேடிப் போயி ஒரு டீ வாங்கி குடுத்து, பில் போட்டா எத்தினி நாள்ல காசு வருதுன்னு கேளுங்க. கம்பெனியில கேட்டா 30 நாள்னு தான் சொல்லுவாங்க.